வேட்டைத் துப்பாக்கிக்கு ஏன் தராசு?

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கத்து நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ துப்பாக்கிப் போட்டிக்கெல்லாம் போகிறாயாமே! அங்கே சுடுவதற்கு முன் துப்பாக்கியைத் தராசில் வைத்து நிறுக்கிறார்களாம்; சட்டையைக்கூட அளக்கிறார்களாம். அது போட்டியா, கத்தரிக்காய் வியாபாரமா?" என்றார். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விடை சொல்லத் தொடங்கிய சமயத்தில் சர்க்கரைப் பொங்கல் வந்துவிட்டது. எனவே விட்ட இடத்திலிருந்து இங்கே தொடர்கிறேன்.

குறி பார்த்து எய்வது நமக்குப் புதியதன்று. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதைப் புறநானூறு நமக்குச் சொல்கிறது. அவன் வில்லின் எடை என்ன, நாண் எவ்வளவு இழுவைக்கு விடுபட்டது என்று சோதித்த நடுவர் எவரும் இல்லை. வேட்டைக்காரனுக்கு நடுவர் எதற்கு? இரை விழுந்ததா இல்லையா என்பதே தீர்ப்பு. ஆனால் இரண்டு பேர் அருகருகே நின்று, 'நம்மில் வல்லவர் யார்?' என்று கேட்கத் தொடங்கிவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. ஒருவர் கையில் தோளில் சுமந்து மலையேறக்கூடிய துப்பாக்கி இருக்கிறது. மற்றவர் கையில் இருப்பதோ மேசையைப்போல் அசையாத கனத்த யந்திரம். இருவரும் ஒரே எண்ணிக்கைப் புள்ளி பெற்றால் வல்லவர் யார்? இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்காகப் பிறந்தவைதாம் கருவி விதிகள்.

நான் திருநெல்வேலியில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் 22 துப்பாக்கியைப் படுத்தபடி சுட்டிருக்கிறேன். அங்கே எடுத்துக் கொடுத்த துப்பாக்கிதான் துப்பாக்கி; விதி என்று ஒன்று இருப்பதே தெரியாது. தில்லிக்கு வந்த பிறகுதான், விஸ்வவித்யாலயாவில் மெட்ரோ ஏறி, காஷ்மீரி கேட்டில் ஊதா வழிக்கு மாறி, துக்ளகாபாத்தில் இருக்கும் டாக்டர் கர்ணி சிங் ரேஞ்சைப் பார்க்கப் போனேன். 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுகளுக்காக அமைந்த இடம் அது. பெயருக்குரிய கர்ணி சிங் பிக்கானீர் மகாராஜா. 1952 முதல் 1977 வரை பாராளுமன்ற உறுப்பினர். 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் 'ட்ராப்' பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டவர். அவருடைய முன்னோர்கள் கஜ்னேர் ஏரிக்கரையில் மணற்கௌதாரி வேட்டைக்குப் பெயர் போனவர்கள். இந்தியாவில் இந்த விளையாட்டு வேட்டையின் மடியிலேதான் வளர்ந்தது. 1951இல் லோக்சபையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர் தலைமையில் தேசிய ரைபிள் சங்கம் ஏற்பட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையின் கதவு மூடியது. இன்று துக்ளகாபாத் ரேஞ்சின் அண்டையிலேயே அசோலா சரணாலயம் இருக்கிறது. நீல்காய்கள் அங்கே நிம்மதியாக மேய்கின்றன.

வேட்டை போய்விட்டது, ஆனால் வேட்டையின் சாயல் போட்டியிலே தங்கிவிட்டது. அதை நன்றாகக் காட்டுவது 'ஓடும் மான்' என்ற பழைய பந்தயம். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், 110 கஜத் தொலைவில், மான் வடிவப் பலகை ஒன்று 75 அடி தூரத்தை ஏறக்குறைய 4 விநாடியில் கடந்து ஓடும். அதற்குள் சுட வேண்டும். சுவீடன் நாட்டு ஆஸ்கார் ஸ்வான் தம் 60ஆம் வயதில் இதில் தங்கம் வென்றார். 1920இல், 72ஆம் வயதில், வெள்ளி வென்றார். ஒலிம்பிக் விளையாட்டுப் பந்தயங்களில் பதக்கம் பெற்றவர்களுள் இன்றுவரை அவரே மூத்தவர். (ஆராய்ச்சிப் பட்டம் முடிப்பதற்குள் வயதாகிவிடும் என்று அஞ்சும் நண்பர்கள் கவனிக்க!) மான் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கோடு நின்றது. பிறகு 1972 முதல் 1988 வரை 50 மீட்டரில் ஓடும் காட்டுப்பன்றிப் படம். 1992 முதல் 2004 வரை 10 மீட்டரில் காற்றுத் துப்பாக்கியால் சுடும் ஓடும் இலக்கு. ஒலிம்பிக்கை விட்டுப் போன பிறகும் உலகப் போட்டிகளில் இது நடக்கிறது.

இந்தப் பந்தயத்தின் விதிகளைப் பார்த்தால் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு காடு தெரியும். இலக்கு தோன்றும்வரை துப்பாக்கியைத் தோளில் வைக்கக் கூடாது. கீழே, இடுப்பின் அருகே பிடித்துக் காத்திருக்க வேண்டும். சட்டையில் ஒரு நாடாக் கோடு தைத்திருப்பார்கள். அடிக்கட்டையின் நுனி அந்தக் கோட்டுக்கு மேலே ஏறினால் குற்றம். ஏன்? காட்டில் எந்த வேட்டைக்காரனும் மணிக்கணக்காகத் துப்பாக்கியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதில்லை. புதர் அசைந்த பிறகுதான் தூக்குகிறான்.

மற்ற ரைபிள் பந்தயங்களில் தொலைநோக்கிக் குறிக்கு இடமில்லை, இங்கே உண்டு. ஆனால் 10 மீட்டரில் அது நான்கு மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டக் கூடாது. துப்பாக்கியின் எடை தொலைநோக்கியோடு சேர்த்து 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. 50 மீட்டர் பந்தயத்தில் விசை குறைந்தது 500 கிராம் இழுவையைத் தாங்க வேண்டும். இதைச் சோதிக்கும் முறை எளியது. குழலை வானத்தை நோக்கி நிமிர்த்தி, விசையில் 500 கிராம் எடையை மாட்டி, மெல்ல மேலே தூக்குவார்கள். எடை தரையைவிட்டு எழுந்தும் விசை விடுபடாமல் இருந்தால் தேர்ச்சி. விடுபட்டுவிட்டால் திருத்திக்கொண்டு வர வேண்டியதுதான். மூச்சுப் பட்டாலே விடுபடும் விசை, நின்று நிதானமாகச் சுடுபவருக்கு வரம். துப்பாக்கியைச் சட்டென்று தூக்கி, ஓடும் இலக்கோடு சேர்த்துத் திருப்புபவருக்கோ ஆபத்து. காட்டில் அப்படிப்பட்ட விசை பன்றியைக் கொல்லாது, பக்கத்தில் நிற்கும் நண்பரைத்தான் கொல்லும்.

இலக்கு ஓடும்போது எங்கே குறி வைப்பது என்ற கேள்விக்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். 50 மீட்டரில் பன்றி 10 மீட்டர் இடைவெளியை வேக ஓட்டத்தில் 2.5 விநாடியில் கடக்கிறது. அதாவது விநாடிக்கு 4 மீட்டர். 22 தோட்டாவின் ரவை விநாடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் செல்வதாகக் கொண்டால், இலக்கை அடைய 0.15 விநாடி ஆகும். அதற்குள் பன்றி 60 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே மையத்துக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் சுட வேண்டும். மெதுவான ஓட்டத்துக்கு 5 விநாடி. அப்போது 30 சென்டிமீட்டர். கணக்கு எளிது. இரண்டரை விநாடிக்குள் துப்பாக்கியைத் தூக்கி அந்த இடத்தைக் கண்டு சுடுவதுதான் எளிதன்று.

சரி, எடைக்கு ஏன் வரம்பு? இதுதான் நண்பர் கேட்ட கத்தரிக்காய்க் கேள்வி. மனித உடல் ஒரு கணமும் அசையாமல் நிற்பதில்லை. மூச்சு ஒரு புறம், இருதயத் துடிப்பு ஒரு புறம், தசைகளின் நடுக்கம் ஒரு புறம். ஒவ்வொரு துடிப்பும் துப்பாக்கிக்கு ஒரு சிறு தள்ளு. அதே தள்ளு 4 கிலோத் துப்பாக்கிக்குத் தரும் வேகத்தில் பாதியைத்தான் 8 கிலோத் துப்பாக்கிக்குத் தரும். இன்னொன்றும் உண்டு. மொத்த எடை மட்டுமன்று, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். காவடித் தண்டின் இரு நுனியிலும் தண்ணீர்க் குடம் தொங்கவிட்டுச் சுமப்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவரைச் சட்டென்று பக்கவாட்டில் திரும்பச் சொன்னால் திரும்ப மாட்டார், தண்டு திரும்பாது. அதே இரண்டு குடங்களையும் மார்போடு அணைத்துக்கொண்டால் எளிதாகத் திரும்பிவிடுவார். பௌதிகத்தில் இதைச் சுழற்சிச் சடத்துவம் என்போம். துப்பாக்கிக் குழலின் நுனியில் எடை சேர்த்தால் அது காவடியாகிவிடும். நடுக்கம் அதை எளிதில் திருப்பாது.

இந்த நுட்பத்தை அறிந்து விதி செய்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே 'சில்லவெட்' என்றொரு பந்தயம் இருக்கிறது. மெக்சிகோவில் தோன்றியது. இரும்புத் தகட்டில் வெட்டிய மிருக உருவங்களை நின்றபடியே சுட்டு வீழ்த்த வேண்டும். பெரிய துப்பாக்கிப் பிரிவில் கோழி 200 மீட்டரில், பன்றி 300இல், வான்கோழி 385இல், செம்மறிக்கடா 500இல். பட்டால் மட்டும் போதாது. உருவம் கீழே விழ வேண்டும்.

இதில் 'வேட்டை ரைபிள்' என்று தனி வகுப்பே வைத்திருக்கிறார்கள். அதன் எடை குறியோடு சேர்த்து 9 பவுண்டுக்கு, அதாவது 4.08 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. சிறு துப்பாக்கிப் பிரிவில் எட்டரைப் பவுண்டு. விசை குறைந்தது 2 பவுண்டு, அதாவது சுமார் 907 கிராம். இதைவிட முக்கியமான விதி இனிமேல்தான். துப்பாக்கி, தொழிற்சாலையின் விலைப்பட்டியலில் உள்ளதாக, யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். குழல் நுனியை நோக்கி மெலிந்து செல்ல வேண்டும். நம் காவடியை நினைத்துக்கொள்ளுங்கள். குழல் மெலிய வேண்டும் என்பது நுனியில் குடம் மாட்டாதே என்பதுதான். இதே பந்தயத்தில் 10 பவுண்டு 2 அவுன்சு வரை அனுமதிக்கும் மற்றொரு வகுப்பும் உண்டு. கருவியில் கைவைக்க ஆசைப்படுபவர் அங்கே போகலாம்.

எடை வரம்பு இங்கே இரண்டு பக்கமும் கடிக்கிறது. ஐந்நூறு மீட்டரில் இரும்புக் கடாவைத் தள்ளிவிட ரவைக்கு நல்ல உந்தம் வேண்டும். 10 கிராம் ரவை விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால், 4 கிலோத் துப்பாக்கி அந்த ரவையினால் மட்டுமே விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தோளை இடிக்கும். வெடிமருந்தின் வாயுவையும் சேர்த்தால் இன்னும் கூடும். எட்டுக் கிலோவாக இருந்தால் பாதிதான். ஆகவே துப்பாக்கியைக் கனமாக்கி இடியிலிருந்து தப்பும் வழியையும் இந்த விதி அடைத்துவிடுகிறது. இடியைத் தாங்கி, கண்ணைச் சிமிட்டாமல் நிற்பவர்தாம் வெல்வார்.

இனித் தில்லிக்குத் திரும்புவோம். இன்று நம் நாட்டில் பெரும்பாலோர் சுடுவது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி. 2008இல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் பெற்றதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் பெற்றதும் இதில்தான். கடலூரில் பிறந்து ஆமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதுவே. (ஊர்விட்டு ஊர் வந்த தமிழர் என்ற முறையில் அவரை நம் சங்கத்தின் மானசீக உறுப்பினராகவே நான் கருதுகிறேன்.) பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர், பென்சில் வைத்த புள்ளி. 4.5 மில்லிமீட்டர் ரவையின் ஓரம் அதைத் தொட்டால் பத்து. அதாவது ரவையின் மையம் 2.5 மில்லிமீட்டருக்குமேல் விலகக் கூடாது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 70 சென்டிமீட்டர் என்றால், முன்குறி மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு நகர்ந்தாலே பத்து போய்விடும். இரண்டு தலைமயிர்க் கனம்!

இத்துணை நுட்பம் தேவைப்படும்போது உடையும் கருவியாகிவிடுகிறது. தடித்த கான்வாஸும் தோலும் கொண்ட கோட்டு முதுகெலும்பைத் தாங்கி, நிற்பவரைத் தூணில் சாய்ந்தவர்போல ஆக்கிவிடுகிறது. அதனால்தான் உலக விதியில் கோட்டின் தடிப்பு ஒற்றை மடிப்பில் 2.5 மில்லிமீட்டருக்குமேல் போகக் கூடாது என்கிறார்கள். விறைப்பையும் அளக்கிறார்கள். துணியின் ஒரு சிறு வட்டத்தின்மேல் ஒரு கிலோ எடை அழுத்தும்போது அது குறைந்தது 3 மில்லிமீட்டர் குழிய வேண்டும். காலணியின் அடி வளைய வேண்டும். துப்பாக்கி 5.5 கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

இந்த விறைப்புச் சோதனையில் நான் தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் விடுதியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோட்டை ஒரு சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கியிருந்தேன். வியர்வை நாற்றம் போகட்டும் என்று, சங்க விழாவுக்குக் கட்டவிருந்த வேட்டியோடு சேர்த்துச் சலவைக்குப் போட்டேன். வேட்டிக்குக் கஞ்சி போடச் சொன்னேன். சலவைக்காரர் பாரபட்சம் பாராமல் கோட்டுக்கும் போட்டுவிட்டார். அடுத்த வாரம் ஒரு போட்டி. பரிசோதனை மேசையில் ஓய்வுபெற்ற ராணுவத்தார் ஒருவர். கருவியின் முள் 2.4இல் நின்றது. அவர் கோட்டை விரலால் தட்டிப் பார்த்தார். "பேட்டா, இது கோட்டா, அப்பளமா?" என்று இந்தியில் கேட்டார். கஞ்சி என்பதற்கு இந்தியில் என்ன சொல்வதென்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மௌனமாக நின்றேன். அவர் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்ததுதான் இன்றும் உறுத்துகிறது.

கோட்டு இல்லாமல் சுடத் தடையில்லை. வெறும் சட்டையோடு சுட்டேன். பத்து ரவைக்கு 96, 97 எடுத்துவந்தவன் 88 எடுத்தேன். அன்றுதான் ஓர் உண்மை விளங்கிற்று. நான் என் திறமை என்று எண்ணியிருந்த புள்ளிகளில் எட்டோ ஒன்பதோ கோட்டினுடைய புள்ளிகள். விதி இல்லாவிட்டால் இன்னும் விறைப்பான கோட்டு, இன்னும் கனத்த துப்பாக்கி என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் பணப்பைகள் இரண்டு ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருக்கும்.

இப்போது கூடப் பணப்பைக்கு வேலை இல்லாமல் இல்லை. விதிக்கு உட்பட்ட நல்ல வெளிநாட்டுக் காற்றுத் துப்பாக்கியின் விலை லட்சங்களில். ராமகிருஷ்ணபுரத்தில் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி. சுட வேண்டும் என்று துடிக்கிறாள். அவள் தந்தையார் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். "தம்பி, உள்ளதைச் சொல்லுங்கள், இது நம்மைப்போன்ற குடும்பத்துக்கு ஆகுமா?" என்று என்னைக் கேட்டார். "ஆகும் சார், திறந்த குறி வகுப்பில் தொடங்கலாம்" என்றேன்.

அதை விளக்க வேண்டும். சர்வதேசப் பந்தயங்களில் பின்குறி ஊசித்துளை போன்றது. 'பீப் சைட்' என்பார்கள். சிறு துளை வழியே பார்க்கும்போது அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஓரளவு ஒருங்கே தெளியும். ஊசித்துளைக் காமிராவில் பார்த்த அதே தத்துவம். பழைய வேட்டைத் துப்பாக்கியிலோ பின்னால் ஒரு வெட்டு, முன்னால் ஒரு முனை, அப்பால் இலக்கு. மூன்றையும் ஒரே சமயத்தில் தெளிவாகக் காணக் கண்ணால் முடியாது. முன் முனையைத் தெளிவாக வைத்து, இலக்கு மங்கலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளப் பழக வேண்டும். நம் தேசிய விதிகளின்கீழ் இந்தத் திறந்த குறிக்கென்று தனிப் பிரிவு நடக்கிறது. உள்நாட்டில் செய்த சாதாரணத் துப்பாக்கி அதற்குப் போதும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டித் துப்பாக்கி தரும் சக்தி ஏறத்தாழ 8 ஜூல்தான்.

பயிற்சியாளர்கள் சிலர் இந்தப் பிரிவை மதிப்பதில்லை. ஒலிம்பிக்கில் இல்லாததில் ஏன் காலத்தை வீணாக்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. திறந்த குறியில் பழகிய கண் துளைக்குறிக்கு மாறச் சில மாதங்கள் ஆகும். ஆயினும் எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. அமெரிக்கர்கள் கடையில் கிடைக்கும் துப்பாக்கிக்குத் தனி வகுப்பு வைத்த காரணம்தான் இங்கேயும். எழுத்தர் வீட்டுப் பெண் முதல் நாளிலேயே லட்ச ரூபாய்த் துப்பாக்கியோடு போட்டியிட வேண்டும் என்றால், அவள் இரண்டாம் நாள் வர மாட்டாள். ஒலிம்பிக்குக்கு ஆள் எங்கிருந்து வருவார்கள்?

அந்தப் பெண் இப்போது இரவல் துப்பாக்கியில் பழகுகிறாள். முதல் நாள் பத்து ரவையில் நான்கு தாளிலேயே படவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை பத்தும் கருவட்டத்துக்குள். என் கோட்டையோ மூன்று முறை வெறும் தண்ணீரில் அலசி, விடுதி மொட்டை மாடியில் காயப்போட்டேன். இப்போது 3.2 காட்டுகிறது. வரும் போட்டியில் நானும் திறந்த குறிப் பிரிவுக்குத்தான் பெயர் கொடுத்திருக்கிறேன். பார்க்க விரும்பும் நண்பர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு விஸ்வவித்யாலயா மெட்ரோ வாயிலுக்கு வாருங்கள். தராசையும் காட்டுகிறேன்.